ஆறு அடுக்கு, ஒரு சாம்பல் கோடு

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே என் முட்டி வலி உட்பட எல்லோரும் சௌக்கியம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, அது சொந்தச் சமையலா கடைச் சாப்பாடா என்பதையும் மறைக்காமல் எழுதவும்.

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதற வேண்டாம். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் கேட்டிருக்கலாம். நான் போனை எடுத்தாலே சமையல்கட்டில் உங்கள் அண்ணன் காய் நறுக்குகிற சத்தம் நின்றுவிடும். கத்திக்கு ஓய்வு, காதுக்கு வேலை.

விஷயம் சாக்கடை. உங்களிடம் வேறு எதைக் கேட்பது?

நம் ஓட்டலிலிருந்து நாற்பது அடி தள்ளி ஒரு வறுவல் கடை இருக்கிறது. நீங்கள் போன பிறகு வந்தது. ஓர் அம்மா தனியாளாக நடத்துகிறாள். கிழங்கு, மீன், கோழி, எது கையில் அகப்பட்டாலும் எண்ணெயில் போட்டு எடுத்துவிடுவாள். பின்னறைதான் வீடு. அவள் வாசலுக்கு நேரே உள்ள மேன்ஹோல் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பொங்குகிறது. தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிறது. உங்கள் அண்ணன் சும்மா இருப்பாரா? "நான் தினம் என் கொழுப்புப் பெட்டியைக் கழுவுறேன், இவ எண்ணெயை அப்படியே ஊத்துறா" என்று நகராட்சிக்கு நாலு பக்கம் புகார் எழுதினார். நாலாவது பக்கத்தை எனக்கு வாசித்தும் காட்டினார். அவளுக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. இன்னும் இரண்டு முறை பொங்கினால் கடையைப் பூட்டுவார்களாம்.

நேற்று அவள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தன் கொழுப்புப் பெட்டியைத் திறந்து காட்டினாள். "பாருங்கக்கா. விதிப்படி வச்சிருக்கேன். பழைய எண்ணெயை டின்னில் ஊத்தி வண்டிக்காரனிடம் கொடுக்கிறேன். இதுக்கு மேல நான் என்ன, எண்ணெயைக் குடிக்கவா?" என்றாள். பார்த்தேன். பொய் சொல்கிறவள் பெட்டியாகத் தெரியவில்லை.

அப்படியானால் அடைப்பு எங்கிருந்து வருகிறது? எனக்குத் தூக்கம் கெடாத அளவுக்கு ஓர் ஆவல், அவ்வளவுதான். உங்கள் அண்ணனுக்கு இந்தக் கடிதம் தெரியாது.

ஆசீர்வாதங்களுடன்,
அண்ணி


பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது, மனசும் பரவாயில்லை, முடி மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. சாப்பாடு கடையில்தான். ஆனால் எந்தக் கடை என்று தேர்ந்தெடுக்க முடிகிறது; எல்லாச் சமையல்கட்டையும் பின்வாசல் வழியாகப் பார்த்தவன் இல்லையா? இந்த ஊரில் நான் நம்பிச் சாப்பிடும் இடங்கள் இரண்டு. ஒன்று பழக்கடை.

ஏழு வருஷத்தில் உங்களிடமிருந்து மூன்றாவது கடிதம். முந்தைய இரண்டும் சாவுச் செய்தி. அதனால் இதை நின்றுகொண்டே பிரித்தேன். சாக்கடை என்று படித்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி முதலிலிருந்து படித்தேன். அண்ணி, இந்த உத்தியோகத்தில் என்னிடம் யாரும் ஆவலாக எதையும் கேட்டதில்லை. கல்யாண வீட்டில் "என்ன வேலை பாக்கறீங்க?" என்பார்கள். "ஓட்டல் கழிவுக் கொழுப்புக் கட்டுப்பாட்டு ஆய்வாளர்" என்பேன். அடுத்த பந்தியில் என் பக்கத்து இலை காலியாக இருக்கும்.

பெட்டியின் சங்கதி எளிது. பாத்திரம் கழுவின தண்ணீர் உள்ளே வரும். கொஞ்ச நேரம் நிற்கும். நின்றால் ஆறும், ஆறினால் கொழுப்பு மேலே மிதக்கும், கசடு கீழே படியும். நடுவில் இருக்கும் நல்ல தண்ணீர் மட்டும் வெளியே போகும். ஒரு குச்சியை விட்டுப் பார்ப்போம். கொழுப்பும் கசடும் சேர்ந்து கால் பங்கைத் தாண்டினால் அள்ள வேண்டும். அவ்வளவுதான் என் படிப்பு. இதற்குத்தான் எனக்குப் பென்ஷன் வேறு தரப் போகிறார்கள்.

அடுத்த தடவை மூடியைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். அடைத்திருப்பது என்ன நிறம்? கொழகொழவா, கட்டியா? அந்தக் குழாயில் யார் யார் சமையல்கட்டு சேர்கிறது? தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? முடிந்தால் ஒரு துண்டு எடுத்து வையுங்கள்.

அண்ணன் சௌக்கியமா என்று கேட்டதாகச் சொல்ல வேண்டாம். ஆனால் சௌக்கியமா?

உங்கள் கொழுந்தன்


பிப்ரவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

சௌக்கியம். மூன்று கரண்டி உடைந்திருக்கிறது, அந்த அளவுக்குக் கை பலம் இருக்கிறது.

24ஆம் தேதி பொங்கியது. இரண்டு பேர் வந்து மூடியைத் திறந்தார்கள். நான் முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அதில் ஒருவர், "அம்மா, எதாவது விழுந்துடுச்சா? மோதிரமா?" என்றார். "இல்லை, சும்மா பார்க்கிறேன்" என்றேன். இருபது வருஷ சர்வீஸில் சும்மா பார்க்க வந்தவர் நான் ஒருத்திதானாம். மரியாதையாக ஓரம் நகர்ந்து இடம் விட்டார்.

வெள்ளை, தம்பி. நல்ல வெள்ளை. குழாயின் வளைவில் படிந்து கட்டியாகிக் கிடந்தது. கடப்பாரையால் உடைத்தார்கள். ஒரு பாளத்தை வாங்கி டிபன் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். விரல் வைத்தால் வழுக்கவில்லை, மெழுகு மாதிரிப் பொடிகிறது. டப்பா மேல் 'தொடாதே' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அப்படி எழுதியதாலேயே சமையல்கட்டில் மூன்று பேர் திறந்து பார்த்துவிட்டார்கள். மூன்று பேரும் மத்தியானம் சாப்பிடவில்லை.

தண்ணீர் நம் கடைப் பக்கமிருந்து வறுவல் கடையைத் தாண்டி வளைவுக்குப் போகிறது. அந்தக் குழாயில் இரண்டே சமையல்கட்டு. நம்முடையது, அவளுடையது. அதற்கப்புறம் தையல்கடையும் மருந்துக்கடையும்தான்.

நம் பெட்டியைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். உங்கள் அண்ணன் காலையில் முகம் கழுவுவதற்கு முன் குச்சி விட்டுப் பார்க்கிறார். பதிவுப் புத்தகத்தில் தினம் ஒரு வரி: 'கொழுப்பு இல்லை. கசடு அரை விரல்.' இரண்டு வருஷமாக அதே வரி. நகராட்சிக்காரர் வந்து பார்த்துவிட்டு, "ஐயா, இதில் முகம் பார்க்கலாம் போலிருக்கு" என்றார். அன்றைக்கு முழுக்க உங்கள் அண்ணன் நடையே வேறு.

வறுவல் கடைக்கு ஒரு வாய்ப்பு போய்விட்டது. இன்னும் ஒன்றுதான்.

அண்ணி


மார்ச் 5

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் டிபன் டப்பா நலமாக இருக்கும் என நம்புகிறேன். நானும் அவ்வாறே.

கடிதத்தை ஆபீசில் சத்தம் போட்டுப் படித்தேன். எங்கள் பிரிவில் நாலு பேர். நாலு பேரும் டீயை ஆறவிட்டுக் கேட்டார்கள். எங்கள் மேலதிகாரி (பேச்சே கிடையாது, முனகல்தான்) "டப்பாவில் எடுத்து வச்சாங்களா?" என்று முழு வாக்கியம் பேசினார். உங்களுக்கு இங்கே வேலை காலியாக இருக்கிறது.

இப்போது கவனியுங்கள். பொரிக்கிற எண்ணெய் குழாயில் போனால் பழுப்பாக, கொழகொழவென்று, கருகின தூளோடு கிடக்கும். வெள்ளையாகக் கட்டி தட்டுவது இறைச்சிக் கொழுப்பு, எலும்புக் கொழுப்பு. அவள் மீன், கோழி பொரிக்கிறாள் என்கிறீர்கள், அதனால் நான் இன்னும் ஒன்றும் அடித்துச் சொல்லவில்லை.

நீங்கள் எடுத்து வைத்தது பாளம் என்றால் அதில் அடுக்கு இருக்க வேண்டும். தினமும் வருவது தினமும் ஒரு படலமாகப் படியும். ரொட்டி நறுக்குகிற கத்தியைச் சூடாக்கி நெடுக்காக வெட்டி, வெளிச்சத்தில் வைத்து எண்ணுங்கள். நாங்கள் ஒருமுறை இப்படி எண்ணி ஒரு ஓட்டல்காரர் எந்த வாரம் கடையைப் பூட்டிவிட்டு ஊர் சுற்றினார் என்பதைச் சொல்லிவிட்டோம். அந்த வாரம் முழுக்கக் கடையில்தான் இருந்ததாக மனைவியிடம் சொல்லியிருந்தாராம். நமக்கெதற்கு?

இன்னொன்று. சொன்னால் கோபிக்காதீர்கள். பெட்டியில் முகம் பார்க்கலாம் என்றால் எனக்குச் சந்தேகம் வருகிறது. அது கொழுப்பைப் பிடிக்க வைத்த பெட்டி. அழுக்காக இருந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம். நம் கடையில் நாள் பூரா இரண்டு பெரிய அண்டாவில் எலும்பு கொதிக்குமே, அந்தக் கொழுப்பெல்லாம் எங்கே போகிறது?

கொழுந்தன்


மார்ச் 9

தம்பிக்கு,

எண்ணினேன். ஆறு வெள்ளை, ஒரு சாம்பல் கோடு. ஆறு வெள்ளை, ஒரு சாம்பல் கோடு. மறுபடி ஆறு, மறுபடி கோடு. மூன்று தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன்.

முட்டி வலி தேவலை. வேறு விசேஷமில்லை.

அண்ணி


மார்ச் 14

அன்புள்ள அண்ணிக்கு,

எப்போதும் மூன்று பக்கம் எழுதுகிறவர் நாலு வரியில் முடித்துவிட்டால் எனக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கிறது. முட்டி வலி தேவலை என்பதையும் நான் நம்பவில்லை.

நான் கேட்க நினைப்பதை நீங்கள் எண்ணும்போதே நினைத்திருப்பீர்கள். இருந்தாலும் உத்தியோக முறைப்படி கேட்டுவிடுகிறேன். சாம்பல் கோடு என்பது கொழுப்பே வராத நாள். நம் ஓட்டலுக்கு இன்னும் திங்கட்கிழமைதானே விடுமுறை? வறுவல் கடைக்கு விடுமுறை உண்டா?

அப்புறம், பெட்டியில் யாராவது கொதிக்கிற தண்ணீர் ஊற்றுகிறார்களா? ஊற்றினால் பிடித்து வைத்த கொழுப்பெல்லாம் உருகி, பெட்டியைத் தாண்டி, குழாயில் சூடு இருக்கும் வரைக்கும் சமர்த்தாக ஓடும். ஒரு நாற்பது, ஐம்பது அடி. எங்கே சூடு ஆறுகிறதோ அங்கே யார் வாசல் என்று பார்க்காமல் கட்டியாகிவிடும். பெட்டி பளபளவென்று இருக்கும். பக்கத்து வாசல் நாறும்.

நல்ல மனசோடு செய்கிறவர்கள்தான் இதைச் செய்வார்கள். சோம்பேறிக்கு அவ்வளவு தண்ணீர் காய்ச்சப் பொறுமை ஏது?

உடனே பதில் போடுங்கள். அவளுக்கு மிச்சமிருப்பது ஒரு வாய்ப்பு.

கொழுந்தன்


ஏப்ரல் 10

அன்புள்ள தம்பிக்கு,

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். உடம்புக்கு ஒன்றுமில்லை. பேனாவுக்குத்தான் என்னவோ.

திங்கட்கிழமைதான் விடுமுறை. வறுவல் கடைக்கு விடுமுறையே கிடையாது. சாப்பாட்டுக் கூட்டம் முடிந்து நாலு மணிக்கு உங்கள் அண்ணன் பாய்லரிலிருந்து ஆறு வாளி கொதிநீர் பிடித்துப் பெட்டியைத் திறந்து தன் கையால் ஊற்றுகிறார். வேறு யாரையும் தொட விடமாட்டார். இப்போது சொல்லுங்கள், அதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

நீங்கள் அந்த வேலை கிடைத்துக் கிளம்பின வாரம். "சமையல்கட்டை விட்டுச் சாக்கடைக்குப் போறவனோட எனக்கென்ன பேச்சு" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதற்கு இரண்டு நாள் முன்னால். கழுவுகிற தொட்டிக் குழாய் அடைத்துக்கொண்டது. "அண்ணா, கொதிக்கிற தண்ணியை ஊத்து, தினம் நாலு மணிக்கு ஊத்தினா இந்த ஜென்மத்தில அடைக்காது" என்றீர்கள். அப்போது பெட்டி கிடையாது, சட்டமும் கிடையாது. பெட்டி வந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. உங்கள் பேரை எடுத்தால் எழுந்து போகிறவர், காய்ச்சலில் கிடந்த நாளில்கூட எழுந்து வந்து அந்த ஆறு வாளியை ஊற்றினார். அதை நான் எந்த வாயால் நிறுத்தச் சொல்வேன்?

அதனால் வாயைத் திறக்காமல் ஒரு காரியம் செய்தேன். மார்ச் 17ஆம் தேதி மறுபடி பொங்கியது. 18ஆம் தேதி பாய்லர்காரரைக் கூப்பிட்டு ஏதோ ஒரு பாகத்தைக் கழற்றிக்கொண்டு போகச் சொன்னேன், "வெளியூரிலிருந்து வரணும்" என்று சொல்லவும் சொன்னேன். பெரிய அண்டா இரண்டும் எலும்பு சூப்புக்கே சரியாக இருக்கிறது. வேறு எதில் காய்ச்சுவார்? வெந்நீர் நின்றது.

19ஆம் தேதி வந்து வறுவல் கடையைப் பூட்டிவிட்டார்கள்.

இப்போது மூன்று வாரமாகத் தெரு காய்ந்து கிடக்கிறது. நம் பெட்டியில் நாலு விரல் தடிமன் கொழுப்பு. "பாய்லர் கெட்டதிலிருந்து பெட்டியும் கெட்டுப்போச்சு" என்று புலம்புகிறார். வாசலில் நின்று மேன்ஹோலைக் காட்டி, "பாத்தியா? அவ பூட்டினா, இது நின்னுது. நான் அப்பவே சொன்னேனா இல்லையா?" என்று என்னிடம் சொல்கிறார். நான் ஆமாம் என்று தலையாட்டுகிறேன். பூட்டின கடை வாசலில் வாணலியைக் கவிழ்த்துப் போட்டு அவள் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள்.

என்ன செய்யட்டும்?

அண்ணி


ஏப்ரல் 16

அன்புள்ள அண்ணிக்கு,

நலம் விசாரிக்கிற யோக்கியதை எனக்கு இன்றைக்கு இல்லை.

ஞாபகம் வந்துவிட்டது. உங்கள் கடிதத்தைப் படிக்கும் வரை சுத்தமாக மறந்திருந்தேன். ஒரு உண்மை சொல்கிறேன், சிரிக்காதீர்கள். அந்த வாரம் குழாய்க்குள் கையை விட்டு அழுக்கை எடுப்பது என் முறை. ஊருக்குப் போகப் புதுச் சட்டை போட்டிருந்தேன். கை விடச் சோம்பல்பட்டு, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதுதான் அந்த அறிவியல். இங்கே நாற்பது ஓட்டலில் போய் "வெந்நீர் ஊற்றாதே, அபராதம்" என்று விரலை ஆட்டுகிறேன். என் சொந்த வெந்நீர் ஏழு வருஷமாக ஒரு தெருவை நாற அடித்திருக்கிறது. என்னை எந்தப் பெட்டியில் போட்டு எடுப்பது?

நீங்கள் செய்ததில் ஒரே தப்பு, நாள். வெந்நீரும் வறுவலும் ஒரு நாள் வித்தியாசத்தில் நின்றுபோனால் எது காரணம் என்று குழாய் எப்படிச் சொல்லும்? இப்போதைய சாட்சியை வைத்துப் பார்த்தால் அண்ணன்தான் ஜெயித்தவர்.

இரண்டு வழி இருக்கிறது. நான் உங்கள் ஊர் ஆபீசுக்கு எழுதுவது ஒன்று. எழுதினால் ஒரு வாரத்தில் கடை திறக்கும். ஆனால் அண்ணனைப் பற்றித் தம்பி புகார் கொடுத்ததாக ஆகும். அதற்கப்புறம் அவர் என் சாவுக்கும் வரமாட்டார். இன்னொன்று, பாய்லரைச் சரிபண்ணுங்கள். அவர் ஊற்றட்டும். அவள் கடை பூட்டியே இருக்கும்போது அது பொங்கினால் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதற்கு மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரமும் என்னுடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை. வாணலி மேல் உட்கார்ந்திருக்கிறவளுடையது. அவளிடம் கேளுங்கள். அவள் முடியாது என்றால் தந்தி மாதிரி ஒரு வரி போடுங்கள், அன்றைக்கே ஆபீசுக்கு எழுதிவிடுகிறேன். அவர் பேசாவிட்டால் போகட்டும், பழகின விஷயம்தானே.

அண்ணனுக்கும் ஒரு கடிதம் எழுதிப் பார்த்தேன். 'அன்புள்ள அண்ணா' வரைக்கும் நன்றாக வந்தது.

கொழுந்தன்


மே 14

அன்புள்ள தம்பிக்கு,

முட்டி நிஜமாகவே தேவலை, காரணம் கடைசியில் சொல்கிறேன்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினாள், கால் மணி நேரம். நான் வாங்கிக்கொண்டேன். அப்புறம் என் கடையில் ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு, "மூணு வாரம் என்ன, நாலு வாரமாகவே ஆகட்டும். ஆனா அந்த மனுஷன் தன் கண்ணால பாக்கணும்" என்றாள்.

ஏப்ரல் 21 பாய்லர் சரியானது. உங்கள் அண்ணன் பாய்லரைத் தடவிக் கொடுத்தார். பத்தொன்பதாவது நாள், மே 10, மத்தியானம் பொங்கியது. பூட்டின கடை, ஈரமில்லாத வாணலி, அதன் முன்னால் மேன்ஹோல். தெருவே கூடிவிட்டது. அதே இரண்டு பேர்தான் வந்தார்கள்.

"யாருமில்லாத கடையிலிருந்து எப்படிங்க வரும்?" என்றார் ஒருவர், பொதுவாக.

உங்கள் அண்ணன் போய் அடைப்பிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். உடைத்தார். மூக்கருகே கொண்டு போனார். முப்பது வருஷமாக அந்த எலும்பைக் கொதிக்க வைக்கிறவர், தம்பி. அவருக்கு அடுக்கெல்லாம் எண்ண வேண்டியிருக்கவில்லை. "இது என் சூப்பு" என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்து மேஜைமேல் வைத்தேன். நின்றுகொண்டே படித்தார். படித்துவிட்டு, "பாய்லர்காரனுக்கு நீதான் சொன்னியா?" என்றார். ஆமாம் என்றேன். "அதான் அவன் என் மூஞ்சியைப் பாக்கலை." கடிதங்களை மடித்து வைத்துக்கொண்டே, "இவன் கையெழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரியே இருக்கே" என்றார்.

மறுநாள் காலை நகராட்சி ஆபீஸ் போனார். நானும் கூடப் போனேன். புகார் படிவத்தில் 'புகார் கொடுப்பவர்' என்ற இடத்தில் தன் பேர், 'யார் மீது' என்ற இடத்திலும் தன் பேர். குமாஸ்தா, "ஐயா, ரெண்டும் ஒரே ஆளா இருக்கக் கூடாது" என்றார். "ஏன் கூடாது? எந்த விதியில் போட்டிருக்கு?" என்றார் இவர். குமாஸ்தா விதிப் புத்தகத்தைப் புரட்டினார். இவர் தள்ளி உட்கார்ந்து, "மெதுவா பாருங்க, நான் காத்திருக்கேன்" என்றார். அப்படி ஒரு விதி இல்லையாம். முத்திரை போட்டு வாங்கிக்கொண்டார்கள்.

12ஆம் தேதி வறுவல் கடையைத் திறந்தார்கள், நம் சமையல்கட்டைப் பத்து நாளைக்குப் பூட்டினார்கள். அவள் கடை ஷட்டர் இத்தனை நாள் மூடிக் கிடந்ததில் பாதியில் சிக்கிக்கொண்டது. இவர் போய்க் குனிந்து தோள் கொடுத்துத் தூக்கினார். அப்போது அவளிடம் ஏதோ சொன்னார். இந்தப் பக்கமிருந்து கேட்கவில்லை. அவள், "சரி சரி, தலையை இடிச்சுக்காதீங்க" என்றது மட்டும் கேட்டது.

நேற்றுக் காலையிலிருந்து இவரைக் காணவில்லை. பை இல்லை, செருப்பு இல்லை, பெட்டியை அளக்கிற குச்சியும் இல்லை. பத்து நாள் அடுப்பு எரியாததால் நான் உட்கார்ந்தே இருக்கிறேன். முட்டிக்கு அதுதான் வைத்தியம்.

அங்கே வந்தால் ஒரு வரி போடவும்.

அண்ணி


மே 17

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் பொருள் சேதாரமில்லாமல் வந்து சேர்ந்தது. சௌக்கியம். முன் தலையில் ஒரு சின்ன வீக்கம் இருக்கிறது. ஷட்டரில் இடித்துக்கொண்டாரா என்று கேட்டேன், துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை கதவைத் திறந்தால் கையில் குச்சியோடு நிற்கிறார். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று ஓரடி பின்வாங்கினேன். என்னைத் தாண்டி உள்ளே போனார். நேராகச் சமையலறை. சட்டைக்கையை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, என் சிங்க்குக்குக் கீழே இருக்கிற வளைவுக் குழாயைக் கழற்றினார். அதிலிருந்து வந்ததை நான் வர்ணிக்கப் போவதில்லை, என் வேலை போய்விடும். அதைத் தட்டில் வைத்து என் முன்னால் நீட்டினார். ஏழு வருஷத்துக்கு அப்புறம் அண்ணன் என்னிடம் பேசின முதல் வார்த்தை: "நீயெல்லாம் ஆய்வாளர்."

நேற்று மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு என் கூடவே சுற்றுக்குக் கூட்டிப் போனேன். விடுமுறை எடுத்து உட்காரச் சொன்னால் கேட்டால்தானே? மூன்று ஓட்டல். மூன்றாவதில் பெட்டி பளபளவென்று இருந்தது. அந்த முதலாளி பெருமையாக நின்றார். அண்ணன் அவர் தோளில் கையைப் போட்டு ஓரமாகக் கூட்டிப் போய், "வெந்நீர் ஊத்துறீங்களா?" என்று கேட்டார். அந்த ஆள் முகம் வெளுத்தது. நான் அதிகாரத்தோடு கேட்டு ஒரு வருஷத்தில் வராத வாக்குமூலம், இவர் கேட்டு ஒரு நிமிஷத்தில் வந்தது.

இப்போது என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, தான் சொல்வதை அப்படியே எழுதச் சொல்கிறார். நீயே எழுதேன் என்றால், "அவளுக்கு இப்ப உன் எழுத்துதானே புரியுது" என்கிறார். எழுதுகிறேன்:

'வறுவல் கடை ஐம்பத்து நாலு நாள் மூடிக் கிடந்தது. நமக்குப் பத்து நாள்தான் போட்டிருக்கிறார்கள். அது கணக்கில் உதைக்கிறது. கடை திறந்த பிறகும் மிச்ச நாற்பத்து நாலு நாளைக்கு நம் ஓட்டலில் பொரித்தது, வறுத்தது எதுவும் கிடையாது. கேட்கிறவர்களைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பு. வாசலில் பெரிய எழுத்தில் போர்டு வை. அவள் வேண்டாம் என்று சொல்லுவாள், காதில் வாங்காதே. பாய்லரிலிருந்து பெட்டிப் பக்கம் இனி ஒரு சொட்டு போகக் கூடாது. கொழுப்பை நான் வந்து கையால் அள்ளுகிறேன்.'

இவ்வளவையும் எழுதிவிட்டு, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு திரும்பாமலே சொன்னேன்: "அண்ணா, அந்த வெந்நீர் யோசனை... கை விடச் சோம்பல்பட்டு நான் சும்மா சொன்னது."

"கடிதத்தில் படிச்சேன்" என்றார். "படிக்கிறதுக்கு முன்னாடியே தெரியும். அன்னிக்கே தெரியும். புதுச் சட்டை போட்டிருந்தே."

"தெரிஞ்சுமா ஏழு வருஷம் ஊத்தினே?"

பின்னால் குச்சியைச் சுவரில் சாய்த்து வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "சொன்னதை மட்டும் எழுது" என்றார்.

எழுதிவிட்டேன்.

உங்கள் கொழுந்தன்